விக்டோரியா பார்க் ஒண்ணு போதும்

கடிதம்:

அண்ணே வணக்கம். எனக்கு லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டம், நுவரெலியா டவுன்ல கொமினிகேஷன் கடையில வேலை. மூணு வருஷமா லீவு நாள்ல கேமராவ தூக்கிட்டு குருவி படம் எடுக்கிறேன். வெப்சைட் ஒண்ணு போட்டா சம்பாதிக்கலாம்னு கூட்டாளிமார் சொல்றாங்க. குருவியோட நீர்வீழ்ச்சி, தேயிலை, நம்ம சமையல்னு எல்லாம் சேர்த்துப் போட்டா ஆள் கூட வருமா? ஆறுமணிக்குருவி படம் ஒண்ணு அனுப்பியிருக்கேன்.

பதில்:

தம்பி, படம் பார்த்தேன், அந்த பச்சை முதுகும் வயித்தடி சிவப்பும் அப்பிடியே விழுந்திருக்கு. ஆனா எல்லாத்தையும் சேர்க்காதீங்க, நான் அத செஞ்சு கெட்டவன். மலையகம் மொத்தத்துக்கும் ஒரு சைட்டுனு தொடங்கி ரெண்டு வருஷம் எழுதினேன், நீர்வீழ்ச்சி தேடி வந்தவன் நீர்வீழ்ச்சிய பார்த்துட்டு போயிட்டான், ரொட்டி தேடி வந்தவன் ரொட்டியோட போயிட்டான், திரும்பி வந்தவன் ஒருத்தன் இல்ல.

உங்க கையில இருக்கிறது நுவரெலியா டவுன்ல இருக்கிற விக்டோரியா பார்க். ஹோர்ட்டன் சமவெளி பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்கான், விடுங்க. காஷ்மீர் ஈப்பிடிப்பான் காஷ்மீர் பக்கம் குஞ்சு பொரிச்சிட்டு குளிருக்கு நம்ம மலைக்கு வருது, அத பார்க்கவே வெளிநாட்டுல இருந்து ஆள் வந்து அந்த பார்க்குல நிக்கிறாங்க. எந்த மாசம் வரணும், காலையில எத்தனை மணிக்கு, ஓடையோரம் எந்தப் பக்கம், மழை பெஞ்சா நிக்கிறதா போறதா, இத அங்கயே கிடக்கிற நீங்கதான் சொல்ல முடியும். வர்ற ஆள் டிக்கட் போடுறதுக்கு முன்னாடி தேடுற கேள்வி அதுதான். இங்கிலீஷ்ல எழுதுங்க, சின்னச் சின்ன வசனமா, பிழை வந்தா வரட்டும்.

காசு? விளம்பரத்த நம்பாதீங்க. சைட்ல விளம்பரம் போட்டு காசு தர்ற கூகுள் ஆட்சென்ஸ், 100 டொலர் சேர்ந்தாத்தான் அனுப்பும். அதுக்கு முன்னாடியே 10 டொலர் வந்ததும் அட்ரஸ் சரியானு பார்க்க தபால்ல ஒரு பின் நம்பர் அனுப்புவான், நாலு மாசத்துக்குள்ள அத போடலன்னா விளம்பரம் நின்னுடும். நமக்கு லயத்துக்கு, அதான் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, ஏது தனி அட்ரஸ், எல்லா கடிதமும் தோட்டத்து ஆபிசுக்குத்தானே போகுது! என்னோட பின் அங்க ஒரு மேசை லாச்சில கிடந்திருக்கு, நான் இங்க தபால்காரர பார்த்துட்டே இருந்தேன். நீங்க கடை அட்ரஸ குடுங்க, முதலாளிகிட்ட முன்கூட்டியே சொல்லி வைங்க.

உண்மையான வருமானம் காலையில ரெண்டு மணிநேரம் கூட்டிட்டு போய் காட்டுறதுலதான் இருக்கு, சைட் உங்கள தேடி ஆள கொண்டு வர்ற போர்டு மாதிரி. ஆனா காசு வாங்கி கூட்டிட்டு போறதுன்னா சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையோட லைசன் வேணும், ஏரியா கைட்னு ஒரு வகை இருக்கு, அத முதல்ல விசாரிங்க. அது வரைக்கும் கடை வேலைய விட்டுறாதீங்க, கூட்டாளிமார் ஏத்திவிடுவாங்க, போனுக்கு ரீலோட் போட காசு தரமாட்டாங்க.

இன்னொண்ணு, குருவி கூடு இருக்கிற இடத்த சைட்ல போடவே போடாதீங்க.

பத்து பக்கம் எழுதிட்டு லிங்க் அனுப்புங்க, பார்க்கிறேன். ஆறுமணிக்குருவி காலடியில தண்ணி போத்தல் ஒண்ணு கிடக்கே, அத வெட்டாம அப்பிடியே போடுங்க.