யாழ்ப்பாணத்துச் சின்ன ஊர் ஒன்றின் வரலாறும் சனத்தொகையும் எங்கே கிடைக்கும்?

"அப்பாவின் ஊர் யாழ்ப்பாணத்தில் ஒரு சின்னக் கிராமம், இணையத்தில் தேடியும் ஒன்றும் இல்லை" என்று கேட்டிருக்கிறீங்கள். கனடா, லண்டன் பக்கம் பிறந்து வளர்ந்தவர் என்று நினைக்கிறன். ஒரே ஒரு இலக்கம் கிடைக்கும் என்று தேடினால் ஏமாந்துதான் போவீங்கள். எங்கட ஊரை வச்சே சொல்லுறன்.

மயிலிட்டி, வலிகாமம் வடக்கில் கடற்கரை ஊர். வடக்கின் பெரிய மீன்பிடித் துறைகளில் ஒன்று. 1990 யூன் 15 ஊரே எழும்பி ஓடினது. பிறகு அது ஆமியின்ர உயர்பாதுகாப்பு வலயம், சனம் உள்ள போகேலாது. துறைமுகமும் 54 ஏக்கர் காணியும் 2017 யூலை 3 அன்றுதான் விடுபட்டது. இப்ப குடிசன மதிப்பீட்டை, அதாவது அரசாங்கத்தின்ர சனத்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கோ. 1981 இல் ஒழுங்கா நடந்தது. 1991 இல் நாட்டிலேயே நடக்கேல்லை. 2001 இல் எங்கட மாவட்டத்தில் முழுசா எடுக்கேல்லை. 2012 இல் எடுத்தவை. அப்ப ஊருக்குள்ள ஆமி, நாங்கள் மல்லாகத்துப் பக்கம் முகாமில்.

கணக்கெடுக்க வந்த பெடியன் அம்மம்மாவிட்ட, வழமையா இருக்கிற இடம் எது என்று கேட்டான்.

"மயிலிட்டி."

"இல்லை அம்மா, இப்ப இருக்கிற இடம்."

"மழைக்கு ஒதுங்கி நிக்கிறவளிட்ட விலாசம் கேக்கிறியோ தம்பி?"

அவன் முகாம் இருந்த பிரிவைத்தான் எழுதினான். அவனில் பிழை சொல்லேல்லை, அவனுக்குத் தந்த படிவம் அப்பிடி. ஆனால் எங்கட விதானையாரின்ர, அதாவது கிராம சேவகரின்ர பதிவில் நாங்கள் அப்பவும் மயிலிட்டிக் குடும்பம்தான். ஒரு கொப்பியில் இருக்கிற ஆக்கள் மற்றக் கொப்பியில் இல்லை. இரண்டும் அரசாங்கக் கொப்பி. "அரசியல் கதைக்கிறான்" என்று கீழ வந்து எழுதப்போறவை ஆறுதலா எழுதுங்கோ, நான் சனத்தொகைதான் கதைக்கிறன். ஆகவே ஒரு தொகையைக் கண்டால், எந்த வருசம், குடிசன மதிப்பீடா, இல்லை விதானையார், பிரதேச செயலகப் பதிவா என்று பாருங்கோ. 2024 கணக்கெடுப்பையும் சேர்த்துப் பாருங்கோ, ஊர் திரும்பின சனம் அதிலதான் வரும்.

வரலாற்றுக்கு நான் நம்புறது கல்வெட்டு. கோயில் கல்லில் வெட்டினதைச் சொல்லேல்லை. செத்தவீட்டு 31 ஆம் நாளுக்கு அடிச்சுக் குடுப்பினமே, அந்தப் புத்தகம். யார் எந்தத் துறையில் வள்ளம் வச்சிருந்தவர், எந்த ஊரில் பெண் எடுத்தவர் எல்லாம் அதில இருக்கும். புளுகும் இருக்கும், செத்தவர் எல்லாரும் வள்ளல்தான். எங்கட பூட்டன்ர பேரை நான் கண்டது பக்கத்து வளவுக்காரரின்ர கல்வெட்டில். 'நூலகம்' எண்ட இணையத்தளத்தில் நினைவு மலர், கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூட மலர் எண்டு கன கிடக்கு.

மலர் எண்டதும் ஒரு கோவம் வருது. வெளிநாட்டுக் காசில் கோயில்களுக்கு வழுவழுப்பான தாளில மலர் அடிக்கினம், மண்டபத்தில் பேர் வெட்டின மாபிள் பதிக்கினம். பள்ளிக்கூடத்துக்குக் கக்கூஸ் கட்டக் கேட்டால், கூட்டம் போட்டுக் கதைப்பம் எண்டு சொல்லுவினம். நான் கோயிலுக்கு எதிரானவன் இல்லை, கண்ணகை அம்மனைக் கும்பிட்டு வளர்ந்தவன்தான்.

சரி, உங்கட விசயம். முதலில் அப்பாவிட்ட கிராம சேவகர் பிரிவின்ர ஜே இலக்கத்தைக் கேளுங்கோ. மயிலிட்டி வடக்குக்கு ஜே/246. அது இல்லாமல் வெறும் ஊர்ப்பேரோட தேடினால், பல பிரிவாப் பிரிஞ்சு கிடக்கிற ஊரில் ஒரு துண்டுதான் அம்பிடும்.