ஆண்டிறுதியில் சிங்கப்பூர், மலேசியா: முழுப் பணத்தையும் இப்போதே கட்டலாமா?

கேள்வி: நான் பாளையங்கோட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். என் மகளும் பள்ளி ஆசிரியை என்பதால், அரையாண்டு விடுமுறையை ஒட்டி 2026 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூர் சென்று, ஜனவரி 1 அன்று அங்கிருந்து கோலாலம்பூருக்குப் போய், 4ஆம் தேதி ஊர் திரும்பத் திட்டமிட்டிருக்கிறோம். நானும் மனைவியும், 82 வயதான என் தாயார், மகள், அவளுடைய இரண்டு வயது மகன் என ஐந்து பேர்; மருமகனுக்கு விடுப்பு இல்லை. தாயாரின் பாஸ்போர்ட் 2027 ஏப்ரலில் முடிகிறது. அதில் அவருடைய பெயர் மட்டும் இருக்கிறது. குடும்பப் பெயருக்கான இடம் காலியாக உள்ளது. பேரனுக்கு இன்னும் பாஸ்போர்ட் எடுக்கவில்லை. மலேசியாவுக்கு விசாவே தேவையில்லை, சிங்கப்பூர் விசாவைத் தாமே வாங்கித் தருவதாகவும், இப்போதே முழுப் பணமும் கட்டினால் கட்டணம் குறைவு என்றும் ஏஜென்ட் சொல்கிறார். கட்டலாமா? அடுத்த மே மாதம் நானும் மனைவியும் ஐரோப்பா செல்லவும் எண்ணியிருக்கிறோம்.

பதில்: இப்போது கட்ட வேண்டாம். ஏஜென்ட் சொல்வது பொய் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் ஐவரில் இருவரிடம் இந்தப் பயணத்துக்குச் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இல்லை. மேலும், நீங்கள் வகுத்திருக்கும் தேதிவரிசையில் மலேசியா தவறான இடத்தில் இருக்கிறது. இவ்விரண்டையும் சரிசெய்த பிறகு டிக்கெட் வாங்குவதே முறை.

வெளிநாட்டுப் பயணத்தில் ஆவணங்கள் முதன்முதலாகச் சோதிக்கப்படுவது சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ அல்ல, மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ திருச்சியிலோ நீங்கள் பெட்டியை ஒப்படைக்கும் செக்-இன் கவுன்டரில்தான். தகுதியில்லாத ஒருவரை ஏற்றிச் சென்றால் அவரைத் திருப்பி அழைத்துவரும் பொறுப்பும் பல நாடுகளில் அபராதமும் விமான நிறுவனத்தின் தலையில் விழும் என்பதால், கவுன்டரில் இருப்பவர் ‘டிமாட்டிக்’ என்ற பன்னாட்டுத் தகவல் தொகுப்பில் உங்கள் குடியுரிமை, பாஸ்போர்ட் காலாவதித் தேதி, செல்லும் நாடு ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே போர்டிங் பாஸ் தருவார். சிங்கப்பூர் 2026 ஜனவரி 30 முதல் இன்னும் ஒரு படி மேலே சென்று, விசா இல்லாதவர்கள், ஆறு மாதச் செல்லுபடிக் காலம் இல்லாத பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் போன்றோரை விமானத்தில் ஏற்ற வேண்டாம் என்று விமான நிறுவனங்களுக்கு முன்கூட்டியே ஆணையிடும் முறையைக் கொண்டுவந்துவிட்டது. நெல்லையிலிருந்து மூன்று, நான்கு மணி நேரம் வண்டியில் போய் இறங்கிய பிறகு, வயதான தாயாரையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு அந்தக் கவுன்டரில் வாதாடிப் பயனில்லை.

தாயாரின் பாஸ்போர்ட்டிலிருந்து தொடங்குவோம். ஏப்ரல் 2027 வரை செல்லும் என்பதால் ஜனவரிப் பயணத்துக்குப் போதும் என்று தோன்றும். ஆனால் சிங்கப்பூரும் மலேசியாவும் நுழையும் நாளில் குறைந்தது ஆறு மாதக் காலம் மீதமிருக்க வேண்டும் என்கின்றன; டிசம்பர் 26 அன்று நுழைபவரின் பாஸ்போர்ட் 2027 ஜூன் கடைசி வரையாவது செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். காலாவதிக்கு ஓராண்டுக்கு முன்பிருந்தே மறுவழங்கலுக்கு விண்ணப்பிக்கலாம் என்பதால், திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவை மையத்தில் இந்த மாதமே நேரம் பதிவு செய்துவிடுங்கள். மதுரை மண்டல அலுவலகத்துக்கு அலைய வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. காவல்துறைச் சரிபார்ப்புக்கு வரும்போது விண்ணப்பத்தில் கொடுத்த முகவரியில் அவர் இருக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். நம் ஊர்த் தாய்மார்கள் பாதி மாதம் ஒரு மகன் வீட்டிலும் பாதி மாதம் இன்னொரு மகன் வீட்டிலும் இருப்பதால் இழுபட்ட விண்ணப்பங்கள் உண்டு.

காலியாக இருக்கும் குடும்பப் பெயர் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் முன்னொட்டாக வைத்து வாழ்ந்த நமக்கு, பெயரை இரண்டாகப் பிரித்துக் கேட்கும் படிவங்கள் எப்போதுமே தொல்லைதான். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பின்னர், பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்பதாகத் தளர்த்தியது. உங்கள் பயணத்தில் அமீரகம் இல்லை. ஆதார், ஓய்வூதியப் புத்தகம், வங்கிக் கணக்கு அனைத்திலும் ஒரே பெயராக இருக்கும் 82 வயதுப் பெண்மணிக்கு இப்போது பெயரைப் பிரித்து எழுதுவது வேண்டாத வேலை என்பது என் கருத்து. டிக்கெட்டில் மட்டும் கவனம் தேவை: குடும்பப் பெயர் இல்லாதவருக்கு அந்த இடத்தில் எதை நிரப்புவது என்பதில் விமான நிறுவனங்களுக்குள் ஒற்றுமை இல்லை, சில, இருக்கும் பெயரையே இரண்டு இடத்திலும் எழுதச் சொல்லும். எந்த நிறுவனத்தில் பறக்கிறீர்களோ அதன் வழக்கத்தைக் கேட்டு அதன்படி எழுதச் சொல்லுங்கள். அவர் பத்தாம் வகுப்பு தேறாதவராக இருந்தாலும் தடையில்லை. பத்தாம் வகுப்பு தேறாதவருக்கு வேண்டும் என்று சொல்லப்படும் குடியேற்ற அனுமதி என்பது மலேசியா, தாய்லாந்து, வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோரைப் பற்றியது. சுற்றுலாவுக்குச் செல்பவருக்கு அது பொருந்தாது, ஐம்பது வயதைக் கடந்தவருக்கு அதிலிருந்து விலக்கும் உண்டு.

பேரன் விஷயத்தில்தான் உண்மையான தாமதம் ஒளிந்திருக்கிறது. 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கான ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே ஏற்கப்படும் என்று 2025இல் பாஸ்போர்ட் விதி திருத்தப்பட்டது. உங்கள் பேரன் அந்த வரம்புக்குள் வருகிறான். மருத்துவமனையில் பிறந்ததும் பதிவான சான்றிதழில் பல வீடுகளில் குழந்தையின் பெயர் இருக்காது. பெயர் சூட்டும் வரை அந்த இடம் காலியாகவே கிடக்கும், பிறகு யாரும் அதை எடுத்துப் பார்ப்பதில்லை. முதல் ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், அதன் பின்னர் தாமதக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்கலாம். எனவே இன்றே அந்தச் சான்றிதழை எடுத்து, பெயர் இருக்கிறதா, பெற்றோரின் பெயர் அவர்களுடைய பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். விண்ணப்பத்துக்குப் பெற்றோர் இருவரின் ஒப்புதலும் வேண்டும். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படத்தை நீங்களே கொண்டுபோக வேண்டும். இவனுக்காவது பெயர், குடும்பப் பெயர் என்ற இரண்டு கட்டங்களையும் தொடக்கத்திலேயே நிரப்பிவிடுங்கள். கொள்ளுப்பாட்டி படும் பாட்டை இவனும் பட வேண்டியதில்லை. தந்தை உடன் வராததால், அவர் சம்மதத்தைத் தெரிவிக்கும் கடிதம் ஒன்றையும் அவருடைய பாஸ்போர்ட் நகலையும் மகள் கையில் வைத்திருப்பது நல்லது.

இந்த இரண்டு பாஸ்போர்ட்டுகளும் கைக்கு வந்த பிறகே டிக்கெட். பழைய எண்ணைக் கொடுத்து இப்போது வாங்கினால் எண்ணைப் பின்னர் திருத்த முடியும். பெயரில் எழுத்து மாறினால் திருத்துவது அவ்வளவு எளிதல்ல, கட்டணமும் ஆகலாம்.

இனி, தேதிவரிசை. இந்தியர்களுக்கு மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரையிலான விசா விலக்கு அளித்துவருகிறது. ஆனால் அறிவிக்கப்பட்டிருக்கும் அதன் காலம் 2026 டிசம்பர் 31 வரைதான். நீங்கள் அங்கே நுழையத் திட்டமிட்டிருப்பது ஜனவரி 1. சலுகை மேலும் நீட்டிக்கப்படலாம், முன்பு நீட்டிக்கப்பட்டும் இருக்கிறது. ஆயினும் குற்றாலத்தில் சீசன் வழக்கமாக வரும் என்பதை நம்பி, அருவியில் தண்ணீர் விழும் தேதியைக் குறித்து அறை பதிவு செய்கிறவர் எத்தனை பேர்? தீர்வு எளிது. வரிசையைத் திருப்பிவிடுங்கள்: டிசம்பர் 26 அன்று கோலாலம்பூர், பத்துமலை முதலியவற்றைப் பார்த்துவிட்டு 30ஆம் தேதி சிங்கப்பூர், அங்கிருந்து 4ஆம் தேதி ஊர். கோலாலம்பூருக்குத் திருச்சியிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் நேரடி விமானங்கள் உண்டு. சிங்கப்பூருக்குள் ஒரே ஒருமுறை நுழைவதால் விசாவிலும் குழப்பம் வராது. கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்குப் பேருந்தில் போவது மலிவுதான். ஆனால் ஆண்டிறுதியில் ஜொகூர் பாலத்தின் இருபுறச் சோதனைச் சாவடிகளிலும் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி வரிசையில் நிற்பதை உங்கள் தாயாருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த ஒரு கட்டத்துக்கு விமானமே சரி.

விசா தேவையில்லை என்பதால் வேறெதுவும் தேவையில்லை என்று ஆகிவிடாது. மலேசியா 2024 ஜனவரி 1 முதல் மின்னணு வருகை அட்டையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. வருகைக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் அதை நிரப்ப வேண்டும். சிங்கப்பூரின் வருகை அட்டையையும் வருகை நாளையும் சேர்த்து மூன்று நாள்களுக்குள் அளிக்க வேண்டும்; 30ஆம் தேதி நுழைபவருக்கு 28ஆம் தேதிதான் அந்த வாயில் திறக்கும், அப்போது நீங்கள் கோலாலம்பூரில் இருப்பீர்கள். ஆகவே இதை ஊரில் உள்ள இ-சேவை மையத்திலோ ஏஜென்டிடமோ விட்டுச் செல்ல இயலாது. மகளின் கைபேசியில் ஐந்து பாஸ்போர்ட்டுகளின் படங்களும் தங்கும் விடுதியின் முகவரியும் இருக்கட்டும். குழந்தைக்கும் அட்டை உண்டு. இரு நாடுகளும் இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. தேடும்போது மேலே வந்து நிற்கும் தளம் கிரெடிட் கார்டு எண்ணைக் கேட்டால், அது அரசின் தளம் அல்ல என்று வெளியேறிவிடுங்கள். சிங்கப்பூர் வருகை அட்டை விசா ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்; இந்தியருக்கு விசா தனியே வேண்டும், அதை அங்கீகரிக்கப்பட்ட விசா முகவர் வழியே பெறலாம்.

விதிகள் எவ்வளவு வேகத்தில் மாறும் என்பதற்கு நம் பக்கத்து நாடே போதும். இலங்கை 2024 ஏப்ரலில் தன் விசா வழங்கலை வெளி நிறுவனக் கூட்டமைப்பிடம் ஒப்படைத்தது. ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைக்க, பழைய மின்னணு அனுமதி முறை திரும்பியது. தாய்லாந்து 2023 நவம்பரில் 30 நாள் விலக்கு தந்தது, 2024 ஜூலையில் 60 நாளாக்கியது, 2025 மே முதல் வருகை அட்டையைச் சேர்த்தது. ஆகவே டிக்கெட்டுக்கு முன் ஒரு முறை, புறப்பட ஒரு மாதம் இருக்கும்போது ஒரு முறை, வருகை அட்டை நிரப்பும் நாளில் ஒரு முறை என அந்தந்த நாட்டுக் குடிநுழைவுத் துறையின் தளத்தையே நேரில் பாருங்கள். சென்ற ஆண்டு போய்வந்த உறவினர் சொல்வதை விடுதி, சாப்பாடு பற்றி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டியில் வைப்பவை பற்றியும் ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள்; வீட்டில் அரைத்த குருமாப் பொடியில் அது கலந்திருந்தால் அந்தப் பொட்டலம் வேண்டாம். அல்வாவைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் கூழ்மப் பொருளாகக் கருதப்படக்கூடும் என்பதால், ஒப்படைக்கும் பெட்டியில் வையுங்கள். தாயாரின் மாத்திரைகளை அட்டையோடு, மருத்துவரின் சீட்டோடு கைப்பையில் எடுத்துச் செல்ல வேண்டும். டிரமடால், கோடீன் போன்ற வலி, இருமல் மருந்துகள் இருந்தால் முன் அனுமதி தேவையா என்று பார்த்த பிறகே எடுத்துச் செல்லவும்.

ஏஜென்டிடம் தொகுப்பாக வாங்கினால் வருமான வரிச் சட்டப்படி ஒரு தொகையைக் கூடுதலாக வசூலிப்பார். இதன் வரம்பும் விகிதமும் சில ஆண்டுகளாக மாறிக்கொண்டே வருவதால் பணம் கட்டும் நாளில் உள்ளதைக் கேளுங்கள். அது உங்கள் பான் எண்ணின் பெயரில் வருமான வரித் துறையின் கணக்கில் பதிவாகும். கணக்குத் தாக்கல் செய்து, கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். ரசீதில் யார் பான் எண் இருக்கிறது என்பதைப் பாருங்கள்.

ஐரோப்பாவைப் பொறுத்தவரை, அங்குள்ள பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாளுக்குள் வந்து நின்றால் ஏற்கமாட்டார்கள். முடிவுக்கு வழக்கமாகப் பதினைந்து நாள், சிக்கலான விண்ணப்பத்துக்கு 45 நாள் வரை ஆகலாம். மே மாதத்துக்கான கூட்டம் பெரிது. சிங்கப்பூரிலிருந்து திரும்பியதும் ஜனவரியிலேயே சென்னையில் கைரேகைப் பதிவுக்கான நேரத்தைப் பிடியுங்கள். பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஐரோப்பாவை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் செல்லத்தக்கதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்களோடும் இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ. வயது வந்தவருக்கு விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. 2025 அக்டோபர் 12 முதல் அறிமுகமான நுழைவு, வெளியேற்றப் பதிவு முறையால் எல்லையில் முத்திரைக்குப் பதில் கைரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள். அதற்கு முன்கூட்டிப் பணம் கட்ட வேண்டியதில்லை. ‘எட்டியாஸ்’ என்ற பெயரில் யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்: அது விசா தேவைப்படாத நாட்டவருக்கான அனுமதி, விசா பெற்றுச் செல்லும் இந்தியருக்கு உரியதல்ல. விசா கிடைக்கும் வரை விமானத்துக்கு முன்பதிவு விவரத் தாள் போதும், பணம் கட்டி வாங்கிய டிக்கெட் தேவையில்லை. தாயாரும் பேரனும் பாஸ்போர்ட் பெற்ற பிறகு ஏஜென்டிடம் சிங்கப்பூருக்காகப் பேசும்போது, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பும் என்ற இரண்டையும் தனித்தனியே எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணத்தைக் கொடுங்கள்.