ஊட்டிக் குளிரில் பிளாஸ்டிக் மாடல் ஒட்ட எந்த சிமெண்ட் நல்லது?

குன்னூரில் இருக்கிறேன், முதல் விமான கிட் வாங்கியிருக்கிறேன், பைப் ஒட்டும் சால்வென்ட் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அது பி.வி.சி.க்கானது, மாடலின் மெல்லிய பாகங்களை அரித்து உருக்குலைத்துவிடும்.

கிட் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். அதற்கான சிமெண்ட், பசை மாதிரி நடுவில் நின்று பிடிப்பதில்லை. இரண்டு விளிம்பையும் கரைத்து ஒன்றாக்குகிறது. அதனால் ஒட்டும் இடத்தில் பெயின்ட் இருந்தால் முதலில் சுரண்டிவிடுங்கள். என் தேர்வு டாமியா கம்பெனியின் எக்ஸ்ட்ரா தின் என்ற நீர்த்த சிமெண்ட். பாகங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பிரஷ் நுனியால் இடுக்கைத் தொட்டால் போதும், திரவம் தானே உள்ளே ஓடிவிடும். அப்புறம் லேசாக அழுத்துங்கள். உருகிய பிளாஸ்டிக் மெல்லிய கோடாகப் பிதுங்கும். நன்றாகக் காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் இணைப்பே தெரியாது. நகர்த்திப் பொருத்த நேரம் வேண்டிய பாகங்களுக்குக் கெட்டி சிமெண்ட். காக்பிட் கண்ணாடிக்கு மட்டும் ஃபெவிகால் மாதிரியான வெள்ளை பி.வி.ஏ. பசை, சிமெண்ட் பட்டால் மங்கிவிடும்.

நம் மலைக் குளிரில் சால்வென்ட் மெதுவாகத்தான் ஆவியாகும், ஒரு நாளாவது விட்டுத் தேயுங்கள். குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டு ஒட்டாதீர்கள். அந்த ஆவி தலைசுற்ற வைக்கும், எளிதில் தீயும் பிடிக்கும்; ரூம் ஹீட்டர், கரி அடுப்பு பக்கத்தில் பாட்டிலைத் திறக்கவே கூடாது.