கோடை விடுமுறையும் ஒரு மூட்டைப் புளியும்

அன்புள்ள ஐயா,

தருமபுரியிலிருந்து எழுதுகிறேன். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். அவருக்கு ஓசூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். மகன் ஆறாம் வகுப்பு முடித்திருக்கிறான், மகள் இரண்டாம் வகுப்பு. பரீட்சை முடிந்து பத்து நாள் ஆகிறது, அதற்குள் வீடு ரணகளம். காலையில் நான் கிளம்பும்போது ஆரம்பிக்கிற செல்போன் சண்டை சாயங்காலம் திரும்பும்போதும் முடிந்திருப்பதில்லை. மாமியாருக்கு எழுபது வயது. "இதுங்களை எங்காவது சேர்த்துவிடு, என்னால ஆகாது" என்கிறார். கோடைப் பயிற்சி வகுப்புகளை விசாரித்தேன். இரண்டு பேருக்கும் சேர்த்தால் என் சம்பளத்தில் கால் பங்கு போய்விடும். "போரடிக்குதும்மா" என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்கிறேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். உங்கள் சின்ன வயது விடுமுறைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன். அந்தக் காலம் வேறு, தெரியும். ஆனாலும் இந்த ஊரில், இந்த வெயிலில், கையில் அதிகம் காசில்லாமல் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு மாதத்தை எப்படி ஓட்டுவது?

ஒரு வாசகி, தருமபுரி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "போயும் போயும் இவர்கிட்டயா கேட்கிறாங்க? நம்ம பசங்க லீவுல இவர் என்னைக்கு வீட்டில் இருந்தார்?" என்று சிரித்தாள். நியாயமான கேள்வி. ஆகவே நான் சொல்வதை அந்த அளவுக்குக் கழித்துக்கொண்டே படியுங்கள்.

நானும் ஒரு வருஷம் பையனை ஒரு கோடை முகாமில் சேர்த்தேன். கீபோர்டு, ஓவியம், பேச்சுத்திறன், யோகா எல்லாம் பதினைந்து நாளில். கடைசி நாள் ஒரு சான்றிதழும் ஒரு பிளாஸ்டிக் கோப்பையும் கொடுத்தார்கள். என்னடா கற்றுக்கொண்டாய் என்றேன். முகாம் நடந்த இடத்துக்குப் பக்கத்தில் லாரிக்கு டயர் மாட்டுகிற கடை இருந்ததாம். ஜாக்கி வைத்து லாரியைத் தூக்குவதிலிருந்து பட்டி போட்டுப் பஞ்சர் ஒட்டுவது வரைக்கும் வரிசையாகச் சொன்னான். இடைவேளையில் மதில்மேல் ஏறி உட்கார்ந்து அதைத்தான் பார்த்திருக்கிறான். கட்டணம் முகாமுக்கு, பாடம் டயர் கடையில்!

நம் பேச்சில் வேடிக்கை காட்டுவது என்று ஒன்றும் வேடிக்கை பார்ப்பது என்று ஒன்றும் உண்டு. சோறூட்டும்போது காக்காவையும் நிலாவையும் காட்டுகிறோமே, அது வேடிக்கை காட்டுவது. இரண்டு மூன்று வயதுக்கு வேண்டியதுதான். ஆறாவது முடித்த பையனுக்கும் அதையே செய்துகொண்டிருந்தால் யாருக்குத்தான் மூச்சு வாங்காது? அந்த வயதுக்கு வேடிக்கை பார்க்க ஏதாவது நடக்க வேண்டும். பெரியவர்கள் ஒரு வேலையை நிஜமாகவே செய்துகொண்டிருக்க வேண்டும், அதன் ஓரத்தில் பிள்ளைகள் உட்கார இடமிருக்க வேண்டும். உங்கள் வேலை ஆபீஸில் நடக்கிறது, உங்கள் கணவர் வேலை ஓசூரில். வீட்டுக்கு வந்தபின் நீங்களும் நானும் உட்கார்ந்து என்ன செய்கிறோம் என்று பிள்ளைகள் பார்க்கிறார்கள். போனைப் பார்க்கிறோம். அவர்களும் அதையே கேட்கிறார்கள்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். இந்த வருஷத்துப் புளி வாங்கிவிட்டீர்களா? இல்லையென்றால் கொட்டை எடுத்த புளியாக வாங்காதீர்கள். ஓடுகூட எடுக்காத பழமாக ஒரு மூட்டை, முடியாவிட்டால் பத்து கிலோ, வாங்கிப் போடுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் புளிக்குப் பஞ்சமில்லை. தருமபுரிப் பக்கத்து எழுபது வயது அம்மாவுக்குப் புளி தட்டத் தெரியாமல் இருக்காது. "என்னால ஆகாது" என்கிறவர் கையில் ஒரு கல்லையும் சின்னச் சுத்தியலையும் கொடுத்துப் பாருங்கள். நான் பார்த்தவரையில் பிள்ளைகளை மேய்ப்பதுதான் அவர்களுக்கு ஆகாது. வேலை ஆகும்.

முதலில் மொட்டை மாடியில் இரண்டு வெயில் காயப்போட வேண்டும். காய்ந்த பழத்தை உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் ஓடு அப்பளம்போல நொறுங்கும். அந்தச் சத்தத்துக்கே உங்கள் மகள் அரை மணி நேரம் உட்காருவாள். அப்புறம் காம்பைப் பிடித்து இழுத்தால் நார் மூன்று நான்கு இழையாக, அறுந்துபோகாமல், வேரோடு பிடுங்கியதுபோல வரும். வராவிட்டால் பழம் இன்னும் காயவில்லை. பிறகு கல்லில் வைத்து ஓரத்தில் ஒரு தட்டு. பலமாக அடித்தால் கொட்டை உடைந்து புளியோடு கலந்துவிடும், மெதுவாக அடித்தால் உள்ளேயே இருந்துகொள்ளும். சரியாக விழுந்த தட்டுக்குக் கொட்டை பிதுங்கிக்கொண்டு எகிறி வெளியே விழும். பத்து கிலோ பழத்தில் கொட்டை மட்டுமே மூன்று கிலோவாவது தேறும். மண்டியில் அதையும் எடைபோட்டு வாங்குவார்கள், மாவாக்கி நூலுக்குக் கஞ்சி போடுவதற்காக. நீங்கள் விற்க வேண்டாம். உங்கள் விடுமுறையே அந்த மூன்று கிலோவில்தான் இருக்கிறது.

ஆறு கொட்டைகளை எடுத்து ஒரு பக்கத்தை மட்டும் சிமெண்டுத் தரையில் தேய்க்கச் சொல்லுங்கள். மேல்தோலின் பழுப்பு போய் உள்ளே இருக்கிற வெள்ளை தெரிய நேரமாகும். தேய்க்கத் தேய்க்கக் கொட்டை சூடாகும். எவ்வளவு சூடாகிறது என்று உங்கள் மகன் தங்கையின் கையில் வைத்துப் பார்ப்பான், அவள் வீட்டை இரண்டாக்குவாள். யாரும் சொல்லித்தராமலே எல்லாத் தலைமுறைப் பையன்களும் இதைச் செய்திருக்கிறார்கள், எப்படியென்று தெரியவில்லை. ஆறும் தேய்த்தாகிவிட்டால் தாயக்கட்டை ரெடி. ஒரு வெள்ளை விழுந்தால் தாயம், ஆறும் கறுப்பாக விழுந்தால் பன்னிரண்டு. சாக்பீஸால் தரையில் கட்டம் போட்டுக்கொள்ளலாம். பல்லாங்குழிப் பலகை இல்லையென்றால் முட்டை அட்டைகளை வெட்டி ஒட்டி வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசை ஆக்கிக்கொள்ளுங்கள். 14 குழி, குழிக்கு 5 என்றால் 70 கொட்டை. விளையாடும்போது ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, அந்தக் குழிக்காரருக்கு. எந்தக் குழியிலிருந்து எடுத்தால் கடைசிக் கொட்டை எங்கே போய் விழும் என்று உங்கள் மாமியார் பார்த்த மாத்திரத்தில் சொல்வார். ஆறாவது முடித்த பையன் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பான். அவனுக்கு ரோஷம் வரட்டும். மகளுக்கு ஊதுகிற ஆட்டம் போதும். கொட்டைகளைக் குவித்து ஒரு ஊது ஊதி, சிதறியதில் மற்றதை அசைக்காமல் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். என் சின்ன வயதில் காவேரிப்பட்டணம் பக்கம் வியாபாரிகள் மூட்டை மூட்டையாகப் புளியை வீட்டில் இறக்கிவிட்டுப் போவார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. எங்கள் ஆயாவும் அத்தைகளும் விடியற்காலையிலிருந்து தட்டுவார்கள், நாங்கள் பிள்ளைகளும் தட்டினோம். கட்டைவிரல் நகக்கண்ணில் புளி ஏறி எரியும். சாயங்காலம் மண்ணெண்ணெய் தடவிவிடுவார்கள். எங்கள் தெருவில் என்னோடு ஏழாவது படித்த ஒரு பெண் எங்களெல்லோரையும்விட வேகமாகத் தட்டுவாள். அந்த வேகத்தைப் பார்த்துத்தான் வீட்டில் கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஜூனில் பள்ளிக்கு வரவில்லை, அடுத்த வருஷம் கல்யாணம் ஆகிவிட்டது. அதனால் "அந்தக் காலத்தில் பிள்ளைகள் பெரியவர்களோடு வேலை செய்து வளர்ந்தார்கள்" என்று யாராவது பெருமூச்சு விட்டால் எனக்கு அவள் நினைவுதான் வரும். உங்கள் பிள்ளைகள் நினைத்தபோது எழுந்து போகலாம். அந்த உரிமை இருக்கிற வரைக்கும்தான் இது விளையாட்டு. இத்தனை கிலோ தட்டினால் போன் தருகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

புளி பத்து நாளில் தீர்ந்துவிடும். அடுத்து பட்டுப்புழு. தருமபுரியில் பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது. ஒரு காலையில் பையனை அழைத்துப்போய் ஏலத்தைக் காட்டுங்கள். சுற்றுவட்டாரத்தில் புழு வளர்க்கிற விவசாயி யாரையாவது உங்கள் ஆபீஸிலேயே யாருக்காவது தெரிந்திருக்கும். வளர்ப்பு மனைக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள், நோய் பரவிவிடும், அதற்காகக் கோபித்துக்கொள்ளக் கூடாது. இரண்டாம் தோலுரிப்பு தாண்டிய புழு இருபது, ஒரு பை மல்பெரித் தழை கேட்டால் பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள். தழைக்கு வாரம் இரண்டு முறை அலைய வேண்டியிருக்கும். ஒரு முறத்தில் போட்டு, முறத்தை ஸ்டூல்மேல் வைத்து, ஸ்டூலின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். இல்லையென்றால் ஒரே ராத்திரியில் எறும்பு முடித்துவிடும். பல்லிக்கு மேலே ஒரு கொசுவலைத் துண்டு. கொசுவர்த்தி ஏற்றவே கூடாது. வெயில் கடுமையாக இருந்தால் பக்கத்தில் ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள்.

புழு நான்கு முறை தோலுரிக்கும். உரிக்கிற நாளில் தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் இருக்கும், செத்துவிட்டது என்று மகள் அழுவாள். கடைசிப் பருவத்தில் அது தின்கிற தீனி கொஞ்சநஞ்சமில்லை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டால் ஓலைக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி சத்தம் வரும். இருபது புழுவுக்கு அவ்வளவு வராது, காதைக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். அப்புறம் தின்பதை நிறுத்தி, உடம்பு கண்ணாடிபோல ஆகி, இரண்டு மூன்று நாளில் கூடு கட்டிவிடும். நல்ல வெள்ளைக் கூட்டில் ஒரே இழை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஓடும். கூட்டுக்குள் இருப்பதை என்ன செய்வார்கள் என்று மகன் கேட்பான். வேகவைப்பார்கள் என்று சொல்லிவிடுங்கள், மழுப்ப வேண்டாம். உங்கள் முறத்தில் இருப்பதை விட்டுவிடலாம். அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்துக்கொண்டு வரும். பறக்காது, எதையும் தின்னாது, முட்டையிட்டுவிட்டுச் சில நாளில் செத்துப்போகும். உங்கள் கல்யாணப் புடவையைப் பற்றிக் கேள்வி வந்தால் நீங்களே சமாளித்துக்கொள்ளுங்கள்.

ராத்திரிகளுக்கு இருக்கவே இருக்கிறது கூத்து. சித்திரை வைகாசியில் நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். மதியம் பிரசங்கம், இரவு கூத்து, பெரும்பாலும் 18 நாள். முழு ராத்திரியும் உட்கார வேண்டாம். ஆரம்பிப்பதற்கு முன்பே போய் வேஷம் கட்டுகிற இடத்தில் நில்லுங்கள். கொஞ்சம் முன்னால் டீ குடித்துக்கொண்டிருந்த ஆள் கண்ணாடியைக் கையில் பிடித்து அரிதாரம் பூசிப் பூசித் துரியோதனன் ஆவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். அர்ச்சுனன் தபசு மரம் ஏறுகிற நாளை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் படுகளம், அதைத் தவறவே விடக் கூடாது. மண்ணால் செய்த துரியோதனன் ஒரு வீட்டைவிட நீளமாகத் தரையில் படுத்திருப்பான். பீமன் தொடையில் அடிப்பான், பாஞ்சாலி கூந்தல் முடிவாள். மறுநாளிலிருந்து உங்கள் வீட்டில் அட்டைக் கிரீடமும் துடைப்பக்கட்டைக் கதாயுதமும் நடமாடும். தொடையில் மட்டும் அடிக்க வேண்டாமென்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஒகேனக்கல், கிருஷ்ணகிரி அணைப் பூங்கா எல்லாம் ஒரு நாள் கூத்துதான். போய் வாருங்கள், மீன் சாப்பிடுங்கள், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். அதைவிட உங்கள் ஊரிலேயே நடுகற்களைச் சேர்த்து வைத்திருக்கிற அகழ்வைப்பகம் இருக்கிறது. வீரன் உடம்பில் எத்தனை அம்பு தைத்திருக்கிறது, பக்கத்தில் மாடு செதுக்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னால் மகன் ஒரு மணி நேரம் அசையமாட்டான். மாடு இருந்தால் ஆநிரைக்காக நடந்த சண்டை என்று நீங்கள் சொல்லிக்கொள்ளலாம்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. நீச்சல் பழக விடுமுறையைவிட நல்ல காலம் கிடையாது. ஆனால் நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கூடவே தண்ணீரில் இறங்க வேண்டும். கரையில் நின்று பார்த்துக்கொள்கிறேன் என்பது கணக்கில் வராது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, ஏரியில் மண் எடுத்த பள்ளம், கைவிட்ட கல்குவாரி, இந்த மூன்றும் உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று நீங்களே ஒருமுறை நடந்து போய்ப் பாருங்கள். பதினொரு வயதுப் பையனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

செல்போனை ஒழிக்கச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. இந்தப் பதிலின் பாதியை அதில்தான் எழுதினேன். மத்தியான வெயிலில், மாமியார் கண்ணயர்கிற நேரத்தில், அவர்கள் ஒன்றரை மணி நேரம் பார்த்துவிட்டுப் போகட்டும். அவருக்கும் ஓய்வு வேண்டும்.

ஒரு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். 2023-ல் வெயிலைக் காரணம் காட்டி ஆறாம் வகுப்புக்கு மேல் ஜூன் 12 வரைக்கும் பள்ளி திறப்பைத் தள்ளிப்போட்டார்கள், சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் இரண்டு நாள் கூட. எதற்கும் புளியைக் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கிப் போடுங்கள். மிஞ்சிய கொட்டையை வறுத்துத் தோலெடுத்து உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் தின்னலாம். பல் கெட்டியாக இருக்க வேண்டும். உங்கள் மாமியாருக்கும் எனக்கும் ஆகாது.

பள்ளி திறந்தபின் நேரம் கிடைத்தால் ஒரு வரி எழுதுங்கள். பல்லாங்குழியில் கடைசியாக அந்த 70 கொட்டையும் யார் பக்கம் போய்ச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை. என் பந்தயம் உங்கள் மாமியார்மேல்.

அன்புடன்