வேறு நாட்டு டிவிடியும் பிடிவாதக் கன்சோலும்: மெக்கானிக் பதில்கள்

டிவிடி லென்ஸைத் துடைப்பது பற்றிப் போன மாதம் எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் முக்கால்வாசியில் லென்ஸ் பேச்சே இல்லை. வெளிநாட்டில் வாங்கிய படம் கேம் கன்சோலில் ஓடவில்லை என்பதுதான் புகார். சரி, இந்த மாதம் முழுக்க அதையே பார்த்துவிடுவோம்.

சார், என்னுடையது அமெரிக்காவில் வாங்கிய பிளேஸ்டேஷன் 3. இங்கிலாந்தில் இருக்கும் அண்ணன் ஒரு டிவிடி அனுப்பினார். அட்டையின் பின்னால் பூமி உருண்டைக்குள் 0 என்று போட்டிருக்கிறது. 0 என்றால் எங்கேயும் ஓடும் என்று அண்ணன் சத்தியம் செய்கிறார். கன்சோலில் ஓடவில்லை, கம்ப்யூட்டரில் ஓடுகிறது. கன்சோல் கெட்டுவிட்டதா, அண்ணன் கதை விடுகிறாரா?

கன்சோலும் நன்றாக இருக்கிறது, அண்ணனும் உண்மையைத்தான் சொல்கிறார். அவர் ஒரு பூட்டைப் பற்றிச் சொன்னார். மாட்டியிருப்பது இன்னொரு பூட்டு.

முதல் பூட்டு மண்டலக் குறியீடு. உலகத்தை எண் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். 1 அமெரிக்காவும் கனடாவும். 2 ஐரோப்பாவின் பெரும்பகுதி, ஜப்பான், மத்தியக் கிழக்கு. 3 தென்கொரியா, தைவான், ஹாங்காங், தென்கிழக்கு ஆசியா. 4 ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, லத்தீன் அமெரிக்கா. 5 இந்தியா, இலங்கை, ரஷ்யா, ஆப்பிரிக்காவில் பெரும்பாலான நாடுகள். 6 சீனா. 7ஐ ஒதுக்கி வைத்தார்கள். 8 விமானத்துக்கும் கப்பலுக்கும். ஒரு படம் ஒரு நாட்டுத் தியேட்டரில் வருவதற்கு முன்பே இன்னொரு நாட்டு டிஸ்க் அங்கே போய்விடக் கூடாது என்று படக் கம்பெனிகள் கேட்டு வாங்கிய ஏற்பாடு இது. உங்கள் டிஸ்கில் எல்லா மண்டலமும் திறந்திருக்கிறது. ஆகவே இந்தப் பூட்டு பிரச்சினையே இல்லை.

இரண்டாவது பூட்டு டிவி முறை. அட்டையை இன்னொரு தடவை பாருங்கள். உருண்டைக்குப் பக்கத்தில் எங்காவது பொடி எழுத்தில் 'பால்' என்று ஆங்கிலத்தில் இருக்கும். ஐரோப்பாவில் பெரும்பாலும் பால் முறை. அமெரிக்கா, ஜப்பான் என்டிஎஸ்சி முறை. டிவிடி விஷயத்தில் வித்தியாசம் இதுதான்: பால் டிஸ்கில் படத்தின் உயரம் 576 கோடு, நொடிக்கு 25 ஃபிரேம்; என்டிஎஸ்சி டிஸ்கில் 480 கோடு, நொடிக்கு 29.97 ஃபிரேம். பால் நாடுகளுக்காகச் செய்த பிளேஸ்டேஷன் 3 இரண்டையும் ஓட்டும். அமெரிக்கா, ஜப்பானுக்காகச் செய்தது பால் டிவிடியை ஏற்காது. மண்டலம் பொருந்தினாலும் ஏற்காது. ஜப்பானும் இங்கிலாந்தும் ஒரே 2ஆம் மண்டலம்தான், ஆனாலும் ஜப்பான் பிளேஸ்டேஷன் 3இல் இங்கிலாந்து டிவிடி ஓடாது. கம்ப்யூட்டருக்கு இந்தக் கவலை கிடையாது. 25 ஃபிரேமோ 30 ஃபிரேமோ, வந்ததைப் பிரித்துத் திரையில் போட்டுவிடும். அதனால்தான் அங்கே ஓடியது.

ஏன் இந்த ஓரவஞ்சனை என்று கேட்டால், பழைய டிவிகளைத்தான் கைகாட்ட வேண்டும். பால் நாட்டு டிவிகள் பல என்டிஎஸ்சியின் 60 ஹெர்ட்ஸ் படத்தையும் (ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு பாதியாகக் காட்டுவதால் நொடிக்கு 60 தடவை) காட்டப் பழகிவிட்டன. என்டிஎஸ்சி நாட்டு டிவிகளுக்குப் பாலின் 50 ஹெர்ட்ஸ் கொடுத்தால் படம் உருண்டுகொண்டே போகும். இன்றைக்கு உங்கள் டிவி இரண்டையும் காட்டக்கூடியதாக இருக்கலாம். கன்சோல் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு முடிவெடுப்பதில்லை.

உங்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. முதன்முதலாக இப்படி ஒரு கேஸ் என் மேஜைக்கு வந்தபோது லென்ஸைத் துடைத்தேன், லேசர் திருகைத் தொட்டேன், ரிப்பன் கேபிளைக் கழற்றி மாட்டினேன். இரண்டு நாள் போனது. பெட்டியை வாங்க வந்தவரின் சின்னப் பெண் அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "மாமா, சிடி மேல பால்னு எதுக்கு எழுதியிருக்கு?" என்றாள். அன்றிலிருந்து யார் டிஸ்க் கொண்டுவந்தாலும் ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதற்கு முன் அட்டையைப் படிப்பேன்.

ஒரே படம், அமெரிக்க டிவிடியில் 120 நிமிடம், ஐரோப்பிய டிவிடியில் 115 நிமிடம் என்று போட்டிருக்கிறது. ஐந்து நிமிடத்தை வெட்டிவிட்டார்களா? பாட்டுகூடக் கொஞ்சம் கீச்சென்று கேட்கிறது.

நல்ல காது உங்களுக்கு. ஒரு காட்சிகூட வெட்டியிருக்க வேண்டியதில்லை. சினிமா எடுப்பது நொடிக்கு 24 ஃபிரேமில். பால் கேட்பது 25. நடுவில் ஒன்றைச் செருகுவதைவிடப் படத்தையே கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுவது சுலபம் என்று அப்படியே செய்துவிட்டார்கள். நூற்றுக்கு 4 பங்கு வேகம் அதிகம். 120 நிமிடத்தை 24ஆல் பெருக்கி 25ஆல் வகுத்துப் பாருங்கள்: 115 நிமிடம் 12 நொடி. உங்கள் ஐந்து நிமிடம் அங்கேதான் இருக்கிறது, படம் முழுக்கத் துளித் துளியாக.

ஒலியும் கூடவே வேகமாக ஓடுவதால் குரல் ஓர் அரைச் சுரத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக மேலே ஏறிவிடும். சில டிஸ்குகளில் சுருதியை மட்டும் கீழே இறக்கிச் சரிசெய்திருப்பார்கள், எல்லாவற்றிலும் இல்லை. பேச்சுப் படத்தில் பலருக்கு இது தெரியாது. தெரிந்த பாட்டு என்றால் உடனே பிடிபட்டுவிடும்.

என்டிஎஸ்சியில் வேறு தந்திரம். ஒரு ஃபிரேமை இரண்டு தடவை, அடுத்ததை மூன்று தடவை என்று மாற்றி மாற்றிக் காட்டி 24ஐ 60க்குக் கொண்டுவருவார்கள். நீளமும் சுருதியும் மாறாது. ஆனால் கேமரா பக்கவாட்டில் மெதுவாகத் திரும்பும்போது ஒரு தடுமாற்றம் தெரியும். எனக்கு அந்தத் தடுமாற்றம் கண்ணை உறுத்தும். கீச்சுக் குரலுடன் வாழ்ந்துவிடுவேன். என் மனைவிக்கு நேர்மாறு. ஒரே படத்தின் இரண்டு டிஸ்கும் எங்கள் வீட்டில் இருப்பதற்கு இதுதான் காரணம்.

வெளிநாட்டு டிவிடி போட்டால் படத்தில் எல்லாரும் ஒல்லியாக, நெட்டையாகத் தெரிகிறார்கள்.

மண்டலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அகலப்படத்தை நெருக்கிப் பதிந்திருக்கிறார்கள், விரித்துக் காட்டுவது கன்சோலின் வேலை. வீடியோ அமைப்பில் இருக்கும் டிவி வகை உங்கள் டிவியோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்: பழைய சதுர டிவி என்றால் 4:3, அகல டிவி என்றால் 16:9. அப்படியும் சரியாகவில்லை என்றால் டிவி ரிமோட்டில் இருக்கும் பட அளவு பொத்தானை அமுக்கிப் பாருங்கள்.

கன்சோலின் மண்டல எண்ணை மாற்ற மெனுவில் வழி உண்டா? ரிமோட்டில் ஏதோ ரகசிய எண் அடித்தால் திறக்கும் என்கிறான் நண்பன். பூட்டை ஏமாற்றும் சிப் ஒன்றை உள்ளே வைக்கலாம் என்கிறான் இன்னொரு நண்பன்.

முதல் நண்பர் சொல்வது தனி டிவிடி பிளேயருக்குச் சரி. பல பிளேயர்களில் டிரேயைத் திறந்து வைத்து ரிமோட்டில் சில எண்கள் அடித்தால் மறைந்திருக்கும் மெனு வரும். கன்சோலில் அப்படி ஒன்று வைக்கவில்லை. பிளேஸ்டேஷன் 2, 3, எக்ஸ்பாக்ஸ் 360 எல்லாம் விற்ற நாட்டு எண்ணோடு பிறந்தவை, அதோடுதான் சாகும்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். 2001இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸில் படம் பார்க்க ரிமோட்டும், முன்னால் செருகும் ஒரு சின்ன ரிசீவரும் தனியாக வாங்க வேண்டும். டிவிடி ஓட்டும் மென்பொருள் இருந்ததே அந்த ரிசீவருக்குள்தான். எந்த மண்டலத்து ரிசீவரைச் செருகினீர்களோ அந்த மண்டலத்து டிவிடி ஓடும். அடுத்த பெட்டியில் அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள்.

கம்ப்யூட்டர் டிரைவில் மாற்றலாம், ஆனால் ஐந்தே தடவை. 2000க்குப் பிறகு வந்த டிரைவ்களில் அந்தக் கணக்கு டிரைவுக்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டாலும் திரும்பாது. ஐந்தாவது தடவை எதில் நிறுத்தினீர்களோ அதுவேதான் கடைசிவரை.

இரண்டாவது நண்பரின் சிப்புக்கு நான் ஆள் இல்லை. சால்டரிங் கை கொஞ்சம் நழுவினால் போர்டு போச்சு. கன்சோலை இணையத்தில் சேர்க்கும்போது கண்டுபிடித்துத் தடை செய்தால் ஆட்டமும் போச்சு. பூட்டை உடைப்பது பல நாடுகளில் சட்டப்படி குற்றமும்கூட. படம் பார்க்கத்தானே? எல்லா மண்டலமும் ஓட்டி, பாலையும் என்டிஎஸ்சியையும் ஒன்றுக்கொன்று மாற்றித் தருகிற தனி டிவிடி பிளேயர் ஒன்றை வாங்கி டிவியின் இன்னொரு ஓட்டையில் செருகிவிடுங்கள். வாங்கும்போது "எல்லா மண்டலமும்" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். முறை மாற்றித் தருமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பாதிப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

நின்டெண்டோவின் வீ கன்சோலிலும் வட்டமான டிஸ்க்தானே போடுகிறோம். அதில் டிவிடி படம் ஓடுமா?

ஓடாது. எந்த நாட்டு டிவிடியும் ஓடாது.

டிவிடிக்கு இத்தனை தொல்லை என்றால் ப்ளூ-ரேக்கும் கேம் டிஸ்குக்கும் எப்படி?

ப்ளூ-ரேயில் எண் கிடையாது, எழுத்து. ஏ, பி, சி என்று மூன்றே மண்டலம். அமெரிக்காவும் ஜப்பானும் ஏ, ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் பி, இந்தியாவும் சீனாவும் ரஷ்யாவும் சி. டிவிடியில் வேறு வேறாக இருந்த அமெரிக்காவும் ஜப்பானும் இதில் ஒன்றாகிவிட்டதைக் கவனியுங்கள். 4கே ப்ளூ-ரேயில் மண்டலமே இல்லை. பிளேஸ்டேஷன் 5இலும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸிலும் அதைப் போடலாம். பிளேஸ்டேஷன் 4 அதைப் படிக்காது. டிஸ்க் டிரைவ் இல்லாத மாடல் வாங்கியவர்கள் இந்தக் கேள்வியையே மறந்துவிடலாம்.

கேம் கணக்கு தனி. பிளேஸ்டேஷன் 2 கேம்களுக்குப் பூட்டு உண்டு. பிளேஸ்டேஷன் 3 கேம்களை, அபூர்வமான விதிவிலக்கு தவிர, எந்த நாட்டிலிருந்தும் போடலாம். கேம் ஓடுகிறதே, படமும் ஓடும் என்று நம்பி டிவிடி வாங்கிக் குவித்தவர்களின் கடிதம் மட்டும் இந்தக் கட்டில் நான்கு இருக்கிறது.

நீங்கள் முன்பு சொன்னபடியே எல்லா மண்டல பிளேயர் வாங்கினேன். எல்லாம் ஓடுகிறது. ஒரே ஒரு அமெரிக்க டிஸ்க் மட்டும் உலக வரைபடம் ஒன்றைக் காட்டி, இந்த பிளேயரில் ஓடாது என்று நின்றுவிடுகிறது.

அந்த டிஸ்க் உங்கள் பிளேயரைப் பார்த்து "நீ எந்த மண்டலம்?" என்று கேட்கிறது. பிளேயர் "எல்லாம்" என்கிறது. அங்கேதான் மாட்டிக்கொண்டது. எல்லா மண்டல பிளேயர்கள் பெருகியதும் சில படக் கம்பெனிகள் 2000இல் கொண்டுவந்த கூடுதல் சோதனை இது. மறைமெனுவுக்குப் போய் மண்டலத்தை 0இலிருந்து 1க்கு மாற்றிவிட்டு டிஸ்கை மறுபடி போடுங்கள். பார்த்து முடித்ததும் 0க்குத் திருப்பி வைக்க மறந்துவிட்டு, ஐரோப்பிய டிஸ்க் ஓடவில்லை என்று அடுத்த மாதம் எனக்கு எழுதாதீர்கள்.