ஆர்.சி. முடிந்த காருக்கு கிளெய்ம் கிடைக்குமா?

கேள்வி: 2009-இல் வாங்கிய பெட்ரோல் கார். 15 ஆண்டு முடிந்தும் எஃப்.சி. (தகுதிச் சோதனை) காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டேன். இன்சூரன்ஸை மட்டும் ஆன்லைனில் தவறாமல் கட்டிவந்தேன், ஃபுல் கவர்தான். போன மாதம் பெருந்துறை அருகே ஒரு பைக்கில் மோதியதில், ஓட்டிவந்தவருக்குக் கால் முறிந்தது. என் காருக்கு 62,000 ரூபாய் எஸ்டிமேட். விபத்தன்று ஆர்.சி. செல்லாது என்று கம்பெனி மறுத்துவிட்டது. இப்போது புதுப்பித்தால் சரியாகுமா? – ஈரோடு வாசகர்

பதில்: சரியாகாது. விபத்து நடந்த நாளில் ஆர்.சி. உயிரோடு இருந்ததா என்றுதான் பார்ப்பார்கள். ஆனாலும் புதுப்பித்துவிடுங்கள், அதுவரை வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள்.

உங்கள் விஷயத்தில் இரண்டு கிளெய்ம்கள் இருக்கின்றன. பைக்கில் வந்தவர் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போவார். சாலையில் அடிபட்டவர் வெறுங்கையோடு போகக் கூடாது என்பதற்காகத்தான் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. அதனால் வண்டிக்காரர் பாலிசி நிபந்தனையை மீறியிருந்தாலும், 'முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்' என்று தீர்ப்பாயங்கள் பெரும்பாலும் உத்தரவிடுகின்றன. சுவரன் சிங் வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி இது. அடிபட்டவருக்குப் பணம் போய்ச் சேரும், ஆனால் அந்தப் பணத்தைக் கேட்டு உங்கள் வீட்டுக்கு நோட்டீஸ் வரலாம். 62,000 ரூபாயைவிட இதற்குத்தான் நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டும். தீர்ப்பாயத்திலிருந்து சம்மன் வந்தால், கம்பெனி வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடாமல் உங்களுக்கென்று ஒரு வக்கீலை வையுங்கள்.

உங்கள் சொந்தக் காரின் சேதம் வேறு கதை. பதிவு இல்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு. தற்காலிகப் பதிவு முடிந்தபின் விபத்தில் சிக்கிய வண்டிக்கு இழப்பீடு இல்லை என்று நரிந்தர் சிங் வழக்கில் 2014-இல் தீர்ப்பு வந்தது. சுஷில் குமார் கோதாரா வழக்கில் (2021) தற்காலிகப் பதிவு முடிந்த வண்டி ஜோத்பூரில் ஒரு விடுதி வாசலில் நிறுத்தியிருந்தபோது திருடுபோனது. அதற்கும் அதே பதில்தான்.

பிரீமியம் வாங்கும்போது ஆர்.சி. தேதியைக் கேட்காத கம்பெனி, கிளெய்ம் என்றதும் பூதக்கண்ணாடியோடு வருகிறது. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் 'நீங்கள்தான் பணம் வாங்கினீர்களே' என்ற வாதத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

உங்களுக்கு இரண்டு பிடிமானங்கள் உண்டு. நரிந்தர் சிங், கோதாரா வழக்குகள் இரண்டும் நிரந்தரப் பதிவே வாங்காத வண்டிகளைப் பற்றியவை. உங்களுடையது முறையாகப் பதிவாகி, புதுப்பிக்கப்படாமல் விடுபட்டது. அடுத்தது, நிபந்தனை மீறல் இருந்தாலும் கிளெய்மில் 75 சதவீதம் வரை தரலாம் என்ற 'நான்-ஸ்டாண்டர்ட்' முறை. 2010-இல் அமலேந்து சாகு வழக்கில் உச்ச நீதிமன்றமே இதை ஏற்றது. சேதத்தை மதிப்பிட்ட சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு, இந்த முறையில் தீர்க்கும்படி கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். முழுதும் கிடைக்கும் என்று நான் ஆசை காட்டமாட்டேன்.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும், சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் ஓராண்டுக்குள் போகலாம். கட்டணம் கிடையாது. அவர் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. நுகர்வோர் ஆணையத்தில் முதலிலேயே வழக்குப் போட்டுவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும்.

கேள்வி: வீட்டு வாசலில் நிறுத்திய பைக் திருடுபோய்விட்டது. ஆர்.சி., இன்சூரன்ஸ் இரண்டும் சரியாக உள்ளன. என் லைசென்ஸ் முடிந்து மூன்று மாதம் ஆகிறது, புகைச் சான்றும் இல்லை. கிளெய்ம் போகுமா? – மதுரை வாசகி

பதில்: பயப்படாதீர்கள். நின்றுகொண்டிருந்த வண்டி திருடுபோனதற்கும் உங்கள் லைசென்ஸுக்கும் சம்பந்தமில்லை. புகைச் சான்று இல்லை என்று கிளெய்மை மறுக்க முடியாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020-லேயே தெளிவுபடுத்திவிட்டது. எஃப்.ஐ.ஆர். உடனே போட்டீர்களா, இரண்டு சாவியும் கையில் இருக்கிறதா என்றுதான் கம்பெனி துருவும். போலீஸுக்கு உடனே சொல்லி, கம்பெனிக்குச் சொல்லத்தான் தாமதமானது என்றால், அந்தத் தாமதத்தை மட்டும் காட்டி உண்மையான கிளெய்மை மறுக்கக் கூடாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அடுத்த பைக் வாங்குமுன் லைசென்ஸைப் புதுப்பித்துவிடுங்கள். முன்பிருந்த 30 நாள் சலுகை 2019 திருத்தத்தோடு போய்விட்டது. முடிந்து ஓராண்டு தாண்டினால் மறுபடி எட்டுப் போட்டுக் காட்ட வேண்டியிருக்கும்.