தையல் மெஷின் கேள்வி-பதில்: கீழே சிக்கினால் மேலே பாருங்கள்

தீபாவளி நெருங்கும்போது சிங்கப்பூரின் எல்லா மூலைகளிலிருந்தும் இந்தப் பகுதிக்குக் கடிதங்கள் குவிந்துவிடும். பிளவுஸ் துணி மலையாக ஏறும் நேரம் பார்த்துத்தான் மெஷினும் முரண்டு பிடிக்கும். வந்தவற்றில் பாதிக்கு, ஊசியை மாற்றுங்கள் என்ற ஒரே பதில் போதும். அவற்றை ஒதுக்கிவிட்டு மீதியை எடுத்துக்கொண்டேன்.

வழக்கமான எச்சரிக்கையை முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டறை மெஷின்களில் இருக்கும் கிளட்ச் மோட்டார் (மிதிக்காதபோதும் சுழலும் ரகம்), சுவிட்சை அணைத்த பிறகும் சற்று நேரம் சுழன்றுகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் மிதியில் கால் பட்டால் ஊசி இறங்கிவிடும். அணையுங்கள், மிதியை அழுத்தி மிச்ச வேகத்தைத் தீர்த்துவிடுங்கள், சக்கரம் நின்றதா என்று பாருங்கள். அதற்குப் பிறகே விரல் ஊசிப் பக்கம் போகலாம்.

மெஷின் சரியாகத் தைக்கவில்லை. என்ன கோளாறு? (செங்காங்)

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? நூல் அறுகிறதா, தையல் விடுகிறதா, ஊசி ஒடிகிறதா? என்ன துணி, என்ன நூல், மெஷினின் மாடல் என்ன? ஒன்றையும் காணோம். மாடல் எண் மெஷின் தலையிலேயே எழுதியிருக்கிறது. அதைக் குறித்து, தைத்த துணியின் மேல்பக்கம் ஒரு படம், அடிப்பக்கம் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அதற்குள் புது ஊசி ஒன்று போட்டுப் பாருங்கள். மறுபடி எழுதத் தேவையே இருக்காது.

வீட்டு மெஷினில் பல வருடம் தைத்தவள். இப்போது ஜூக்கி டிடிஎல்-8700 வாங்கியிருக்கிறேன். நேற்று புது ஊசி போட்டேன். அதிலிருந்து ஒரு தையல்கூட விழவில்லை. ஊசி புதிது என்பதால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. (பிடோக்)

கோளாறு ஊசியில்தான், அம்மா. நேற்று வரை தைத்தது, ஊசியை மாற்றியதும் நின்றது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

வீட்டு மெஷின் ஊசியின் தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும்; அதைத் தவறாகப் போடுவது கடினம். உங்கள் மெஷினுக்கான டிபி×1 ஊசியின் தண்டு முழு உருண்டை. எந்தத் திசையிலும் உள்ளே போய்விடும், எந்தத் திசையிலும் திருகு பிடித்துக்கொள்ளும். திசையை உங்கள் கண்தான் பார்க்க வேண்டும். ஊசியின் ஒரு பக்கம் நெடுக ஒரு பள்ளம் ஓடுகிறது. நகத்தால் வருடினால் தெரியும். அது இடப்பக்கம் நேராகப் பார்க்க வேண்டும். காதுக்கு மேலே சுரண்டி எடுத்தாற்போல் இருக்கும் குழிவு வலப்பக்கம், அதாவது அடியில் சுழன்று நூலைப் பிடிக்கும் ஹூக்கின் பக்கம். ஊசியை முட்டும் வரை மேலே தள்ளிவிட்டுத் திருகை முடுக்குங்கள். நூலை இடமிருந்து வலமாகக் கோக்க வேண்டும். வீட்டு மெஷின் பழக்கத்தில் முன்னிருந்து பின்னாகக் கோக்கப் பார்த்திருந்தால், ஊசி திரும்பியிருப்பது அப்போதே தெரிந்திருக்கும்.

பழைய வீட்டு ஊசிகள் மிச்சம் இருக்கின்றன என்று இதில் போட்டுப் பார்க்க வேண்டாம். துணி ஓரத்தை வெட்டிப் பின்னும் ஓவர்லாக் மெஷினுக்கும் டிபி×1 ஆகாது; அது பெரும்பாலும் டிசி×27 போன்ற வேறு ரகம். ஊசி மாற்றும் முன் சுவிட்சை அணைத்தீர்களா? மிதியை அழுத்திப் பார்த்தீர்களா?

தைக்கத் தொடங்கியதும் ஊசியிலிருந்து நூல் உருவிக்கொண்டு போகிறது. (தோ பாயோ)

துணியை வெளியே எடுக்கும்போது டேக்-அப் லீவர், அதாவது மேல்நூலை இழுத்தபடி ஏறி இறங்கும் கரம், உச்சியில் நிற்க வேண்டும். கைச்சக்கரத்தைத் திருப்பி உச்சிக்குக் கொண்டுவந்து, பிறகு நூலை வெட்டுங்கள். நாலு விரல் நீளம் நூல் விடுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம்.

மேலே தையல் அழகாக இருக்கிறது. துணியைத் திருப்பினால் நூல் வளையம் வளையமாகத் தொங்குகிறது. அடிநூல் பாபின் உட்காரும் கூடான பாபின் கேஸின் திருகை இறுக்கினேன், தளர்த்தினேன், மறுபடி நன்றாக இறுக்கினேன். இப்போது அடிநூலும் அறுகிறது. ஹூக் டைமிங்கை மாற்றலாமா? ஒரு வீடியோவில் காட்டுகிறார்கள். (உட்லண்ட்ஸ்)

முதலில் அந்தத் திருப்புளியைக் கீழே வையுங்கள்.

இதை நான் எழுதாத ஆண்டே இல்லை. அடிப்பக்கம் சிக்கினால் எல்லாருடைய கையும் அடிப்பக்கத்துக்கே போகிறது. அங்கே தொங்குவது எந்த நூல் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. மேலே சிவப்பும் கீழே வெள்ளையும் போட்டு ஒரு சாண் தைத்துப் பாருங்கள். தொங்கும் வளையங்கள் சிவப்பாக இருக்கும். அது மேல்நூல். அதைக் கட்டுப்படுத்த வேண்டியது மேலே இருக்கும் டென்ஷன், அதாவது நூலை இறுக்கிப் பிடிக்கும் தட்டுகளும் அவற்றின் குமிழும். பாபின் கேஸ் பாவம் ஒன்றும் செய்யவில்லை.

ஏன் தொங்குகிறது என்று தெரிந்துகொண்டால் திருகைத் தொட மனம் வராது. ஊசி அடிவரை இறங்கி ஏறத் தொடங்கும்போது, காதுக்கு அருகில் நூல் ஒரு சிறு வளையம் விடுகிறது. ஹூக்கின் முனை அதைப் பிடித்து, விரித்து, பாபின் கேஸைச் சுற்றிக் கொண்டுபோய் விடுகிறது. விட்டதும் டேக்-அப் லீவர் மேலே ஏறி, அந்த வளையத்தை இழுத்துத் துணிக்குள் பூட்டுகிறது. மேல்நூலுக்குப் பிடிமானம் இல்லையென்றால் லீவர் எவ்வளவு இழுத்தாலும் வளையம் ஏறாது. இழுத்த அளவுக்கு நூல்கண்டிலிருந்து புது நூல்தான் வரும். வளையம் கீழேயே நின்றுவிடும். இவ்வளவுதான் விஷயம்.

பிடிமானம் ஏன் போகிறது? பத்தில் எட்டுப் பேர் விஷயத்தில், நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்காராமல் விளிம்பில் ஏறி நிற்கிறது. பிரஷர் ஃபுட், அதாவது துணியை அழுத்தும் பாதம், இறங்கியிருந்தால் தட்டுகள் இறுகி மூடியிருக்கும். அந்த நிலையில் கோத்தால் நூல் உள்ளே போவதில்லை. பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கண்டிலிருந்தே தொடங்கி முழுவதையும் மறுபடி கோத்துவாருங்கள். டென்ஷனை ஒட்டியிருக்கும் சிறு கம்பியான செக் ஸ்பிரிங்கை விட்டுவிடாதீர்கள். டேக்-அப் லீவரின் துளையையே தாண்டிப் போனவர்களும் உண்டு. கோத்த பிறகு ஊசிக்கருகே நூலைப் பிடித்து இழுங்கள். பாதம் மேலே இருந்தால் நூல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். பாதத்தை இறக்கினால் கைக்கு நல்ல இறுக்கம் தெரிய வேண்டும். இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி வழுக்கினால் கோத்தது தவறு, அல்லது தட்டுகளுக்கிடையே பஞ்சோ அறுந்த நூல் துண்டோ கிடக்கிறது. மெல்லிய துணியை மடித்து உள்ளே விட்டுத் துடையுங்கள்.

இனி நீங்கள் கெடுத்த பாபின் கேஸைச் சரிசெய்வோம். அதன் தகட்டில் இரண்டு திருகுகள் இருக்கும். ஒன்று தகட்டைப் பிடித்திருப்பது, அதைத் தொடாதீர்கள். கடுகளவுத் திருகு, தரையில் விழுந்தால் அலமாரிக்கு அடியில்தான் போய் நிற்கும். மற்றதுதான் இறுக்கத்துக்கு. தகட்டுக்கு அடியில் ஒரு காகித விளிம்பை விட்டு அழுக்கை எடுத்துவிட்டு, பாபினைப் போட்டு, நூல் முனையைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். தானாகச் சரசரவென்று இறங்கினால் தளர்வு. மணிக்கட்டை லேசாகச் சுண்டினால் ஓரிரு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். சுண்டியும் அசையாவிட்டால் இறுக்கம். உங்களுடையது இப்போது அப்படித்தான் இருக்கும், அதனால்தான் அடிநூல் அறுகிறது. ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம். இது சரியான பிறகு, எஞ்சிய இறுக்கத்தை மேல் குமிழிலேயே பாருங்கள்.

டைமிங், அதாவது ஊசியும் ஹூக்கும் சந்திக்கும் நேரம் பற்றி. அது சும்மா நகராது. ஊசி ஹூக்கில் பலமாக இடித்தாலோ, தடித்த துணியில் மெஷின் இறுகி நின்றாலோ நகரலாம். நகர்ந்தால் தையல் விட்டுவிட்டு விழும், அல்லது விழவே விழாது. இப்படி ஒழுங்காக வளையம் தொங்காது. ஹூக் முனைக்கும் ஊசிக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு ஏ4 தாளின் தடிமன், அதற்கும் குறைவு. நாலு நிமிட வீடியோவைப் பார்த்து, அது எந்த மாடல் என்றுகூடத் தெரியாமல், ஹூக்கின் திருகுகளைத் தளர்த்திவிட்டுப் பிறகு மெக்கானிக்கைக் கூப்பிட்டு வெள்ளியைக் கொட்டியவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். மறுபடி கோத்துப் பார்க்கக் காசு கேட்பதில்லை.

நான்கு நூல் ஓவர்லாக்கில் கீழ் லூப்பர் நூல் அறுந்தது. அதை மட்டும் கோத்துத் தைத்தால் உடனே மறுபடி அறுகிறது. (அங் மோ கியோ)

அதை மட்டும் கோத்ததுதான் தவறு. லூப்பர் என்பது நூலை ஏந்தி அசையும் வளைந்த கரம். ஊசி நூல்கள் கீழ் லூப்பரின் மேல் கிடக்கும்போது அதற்குப் புது நூல் கோத்தால், இரண்டும் மாறிப் பின்னிக்கொண்டு அறும். ஊசிகளிலிருந்து நூலை உருவிவிடுங்கள். லூப்பரைக் கோத்து முடித்த பிறகு ஊசிகளைக் கோத்துவிடுங்கள். லூப்பர்கள் முன்னே, ஊசிகள் கடைசியில்.

நிறம் மட்டும் மாற்றுவதானால் இந்தத் தொல்லையே வேண்டாம். பழைய நூலைக் கண்டுக்கு அருகில் வெட்டிப் புது நூலை முடிந்து, டென்ஷனைத் தளர்த்தி மெதுவாக இழுங்கள். லூப்பர்களில் முடிச்சு தாண்டிப் போகும்; ஊசிக்காதில் போகாது. அங்கே முடிச்சை வெட்டிவிட்டுக் கையால் கோக்க வேண்டும். கத்தி பக்கத்திலேயே இருக்கிறது. சுவிட்ச், மிதி, சக்கரம்: நினைவிருக்கட்டும்.

காக்கி புக்கிட்டில் மூடிய பட்டறை ஒன்றிலிருந்து மெஷின் வாங்கினேன். நல்ல மலிவு. வீட்டு பிளக்கில் பொருந்தவில்லை, எலெக்ட்ரீஷியன் தலையை ஆட்டுகிறார். (ஜூரோங் வெஸ்ட்)

அவர் சரியாகவே ஆட்டுகிறார், தம்பி. அது 400 வோல்ட் மூன்று பேஸ் மோட்டார். வீடமைப்புக் கழக வீட்டுக்கு வருவது 230 வோல்ட் ஒற்றைப் பேஸ். வாங்கும் முன் மோட்டாரின் தகட்டைப் படித்திருக்கலாம். ஒரு காலத்தில் இந்த ஊர் அடுக்குமாடித் தொழிற்கூடங்களில் சட்டை தைக்கும் பட்டறைகள் நிறைந்திருந்தன. அங்கிருந்து வரும் தலைகள் இன்றும் நன்றாக உழைக்கும். மோட்டார்தான் வீட்டுக்கு ஒத்துவராது. தலையையும் மேசையையும் வைத்துக்கொண்டு, மோட்டாரை மட்டும் ஒற்றைப் பேஸ் சர்வோவாக மாற்றச் சொல்லுங்கள். மிதித்தால்தான் ஓடும், கிளட்ச் மோட்டார்போல நாள் முழுக்க உறுமாது. வேகத்தையும் குறைத்து வைத்துக்கொள்ளலாம். மாட்டிய பிறகு கைச்சக்கரத்தின் மேல்விளிம்பு உங்களை நோக்கி வருகிறதா என்று பாருங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் நூல் சிக்கும், நீங்கள் டென்ஷனைத் திருகத் தொடங்குவீர்கள்.

லாரியில் வந்த மெஷினில் பெரும்பாலும் எண்ணெய் இருக்காது, வடித்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள். தலையைச் சாய்த்து, தொட்டியில் மேல்கோடு வரை ஊற்றுங்கள். நெடுநாள் சும்மா இருந்த மெஷினை முதல் பத்து நிமிடம் நிமிடத்துக்கு 3,000 தையலை ஒட்டியே ஓட்ட வேண்டும். தலைமேல் உள்ள கண்ணாடிச் சன்னலில் எண்ணெய் தெறிப்பது தெரியாவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

தேங்காய் எண்ணெய் விடலாமா? (பொங்கோல்)

தலைக்கு விடுங்கள். மெஷினுக்கு, தையல் மெஷின் எண்ணெய் மட்டும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகி எல்லாவற்றையும் ஒட்டவைத்துவிடும். டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஹூக்கில் ஒரு சொட்டு விட்டு, கையால் சுற்றி, மெஷினை மூடிவிட்டுப் போங்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்குத் துரு பிடிக்க ஒரு மாதம் தாராளம்.

கீழ்வீட்டுக்காரர் அதிர்வு என்று புகார் சொல்கிறார். (ஹவ்காங்)

மேசைக்கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் வையுங்கள். மேசையைச் சுவரிலிருந்து நகர்த்துங்கள். இரவு பத்தரைக்கு மேல் ஓட்டாதீர்கள். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

பட்டு பிளவுஸில் தையல் ஓரமெல்லாம் சுருங்கி நிற்கிறது. தேக்காவில் தைப்பவர்களுக்கு வருவதில்லை, எனக்கு மட்டும் ஏன்? (சுவா சூ காங்)

அவர்கள் துணிக்குத் துணி ஊசியை மாற்றுகிறார்கள். நீங்கள் ஜீன்ஸுக்குப் போட்ட 16ஐயே பட்டிலும் ஓட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பட்டுக்கு 9 அல்லது 11. நூலும் மெல்லியது வேண்டும். மேல்நூல், அடிநூல் இரண்டையும் தளர்த்துங்கள். பாதத்தின் அழுத்தத்தையும் கொஞ்சம் குறையுங்கள். பின்னாலிருந்து துணியை இழுக்காதீர்கள். ஊசித்தகட்டில் உள்ள பல் தள்ளட்டும், கை வழிகாட்டினால் போதும்.

பலரும் பார்க்காத இடம் ஒன்று உண்டு, பாபின் சுற்றும் இடம். பாலியஸ்டர் நூல் இழுபட்டுச் சுற்றினால் நீண்டு நிற்கும். தைத்த பிறகு தன் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும், துணி சுருங்கும். தளர்வாகவும் சீராகவும் சுற்றுங்கள், பாபின் விளிம்பு வரை நிரப்ப வேண்டாம், முக்கால் பங்குக்குச் சற்று மேலே போதும். வெட்டி மிஞ்சிய பட்டிலும் அதே லைனிங்கிலும் ஒரு முழம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிளவுஸில் கை வைக்க வேண்டும்.

ஊசிப் பெட்டியில் 14/90 என்று இருக்கிறது. இரண்டில் எது? (பூன் லே)

இரண்டும் ஒன்றுதான், அளவுமுறைதான் வேறு. 90 என்றால் தடிமன் 0.9 மில்லிமீட்டர். 11 கேட்டால் 75, 16 கேட்டால் 100.

குழந்தையின் பாவாடை தைக்கும்போது ஊசி மூன்றாக ஒடிந்தது. இரண்டு துண்டு கிடைத்தது. முனை கிடைக்கவில்லை. நாளை மறுநாள் கொடுக்க வேண்டும். (யீஷூன்)

முனை கிடைக்கும் வரை கொடுக்கக் கூடாது. ஏற்றுமதிக்குத் தைக்கும் ஆலைகளில், ஒடிந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் சேர்த்துத் தாளில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். மெஷினை அணைத்து, மிதியை அழுத்தி, சக்கரம் நின்றதும் ஊசித்தகட்டைக் கழற்றுங்கள். பல்லுக்கு அடியிலும் ஹூக்கைச் சுற்றியும் காந்தத்தை விட்டுத் துழாவுங்கள். தலையைச் சாய்த்து எண்ணெய்த் தொட்டியிலும் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். பிறகு பாவாடையின் ஒவ்வொரு மடிப்பிலும், இடுப்புப் பட்டியின் உட்புறத்திலும் காந்தத்தை ஓட்டுங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் அந்தப் பாவாடையை ஒதுக்கிவிட்டு வேறு துணியில் வெட்டுங்கள். ஒரு நாள் போதும்.